குழந்தையைத் தூக்கும்போது மணிக்கட்டு வலி
நான்கு மாதக் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் பெருவிரல் பக்கம் மணிக்கட்டு சுளீரென்று வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், எனக்கும் முதல் பிள்ளைக்கு அப்படித்தான். பெருவிரலை ‘ட’ எழுத்து மாதிரி விரித்து அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறீர்களா பாருங்கள், அப்படித் தூக்கினால் பாரம் பெருவிரல் தசைநாண்களில்தான் விழும். அதற்குப் பதில் ஒரு உள்ளங்கையைப் பிட்டத்துக்கு அடியிலும் இன்னொன்றைக் கழுத்துக்கும் முதுகுக்கும் அடியிலும் கொடுத்து, பெருவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்து, மணிக்கட்டு மடங்காமல் தூக்குங்கள். பால் கொடுக்கும்போது மடியில் தலையணை வையுங்கள். அப்புறம் துணி பிழிவதை வீட்டில் வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள், ஈரத் துணியை முறுக்கியதுதான் என்னை ரொம்பப் படுத்தியது. மணிக்கட்டில் கட்டும் பட்டை வாங்கினால் பெருவிரலையும் சேர்த்துப் பிடிப்பதாக வாங்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், இது டி குவெர்வெயினாக, அதாவது பெருவிரல் பக்கத் தசைநாண்களின் உறை வீங்கி வலிக்கும் நோயாக இருக்கலாம்.