முகத்தில் எண்ணெய் வழிகிறதே!

கேள்வி: எனக்கு வயது 19. காலையில் முகம் கழுவிவிட்டுக் கல்லூரிக்குப் போனால் 11 மணிக்குள் மூக்கும் நெற்றியும் எண்ணெய் வழிகின்றன. தினமும் ஆறு தடவை சோப்பு போடுகிறேன். வடை, பஜ்ஜியைத் தொட்டே மூன்று மாதமாகிறது. பரு குறையவில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய க்ரீம் முதலில் நன்றாக வேலை செய்தது. இப்போது முகமே சிவந்து எரிகிறது.
- ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த க்ரீம் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் முகத்தைப் பளிச்சென்று காட்டும். போகப் போகத் தோல் மெலியும், சிவக்கும், பருவும் கூடும். டியூபையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். நிறுத்தியதும் சிலருக்கு எரிச்சல் அதிகமாகும், அதையும் அவரே பார்த்துக்கொள்வார்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். தின்ற வடையின் எண்ணெய் முகத்தில் கசிவதில்லை. மயிர்க்காலை ஒட்டி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. முகத்திலும் தலையிலும் இவை நெருக்கமாக இருக்கும். உள்ளங்கையில் ஒன்றுகூடக் கிடையாது. அதனுள் இருக்கும் செல்கள் கொழுப்பைச் சேர்த்துச் சேர்த்து உப்பி, கடைசியில் வெடித்துத் தாங்களே எண்ணெயாகிவிடுகின்றன. அந்த எண்ணெய் முடி வரும் வழியாகவே மேலே வருகிறது. இதை முடுக்கிவிடுவது ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன். பெண்கள் உடம்பிலும் அது உண்டு.

ஆக, சோப்பு துடைப்பது ஏற்கெனவே வெளியே வந்த எண்ணெயை மட்டும்தான். உள்ளே இருக்கும் சுரப்பிக்கு நீங்கள் முகம் கழுவியதே தெரியாது. ஆறு தடவை கழுவினால் தோல்தான் புண்ணாகும். மிதமான ஃபேஸ்வாஷில் இரண்டு தடவை போதும். மூக்கின் மேல் இருக்கும் கரும்புள்ளியும் அழுக்கு இல்லை; அடைத்த எண்ணெயோடு சேர்ந்த நிறமி காற்றுப்பட்டுக் கறுத்தது. தேய்த்தால் போகாது.

வடையை விட்டீர்கள், சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயை விட்டீர்களா? இனிப்பு, மைதா போன்றவற்றுக்கும் பருவுக்கும்தான் கொஞ்சம் தொடர்பு தெரிகிறது. இரவில் தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் இறங்கி அங்கேயும் அடைக்கும். தலையணை உறையைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

எரிச்சல் அடங்கிய பிறகு மருத்துவர் பருவுக்கு பென்சாயில் பெராக்ஸைடு என்ற பூச்சு மருந்து கொடுக்கலாம். இரண்டு மாதமாவது பொறுக்க வேண்டும். பழைய துண்டையே பயன்படுத்துங்கள், அந்த மருந்து துணியின் சாயத்தை வெளுக்கும்.

மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறதா, தாடையில் முடி வளர்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் சேர்த்துப் பார்ப்பார்.