டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஜெனரிக் மாத்திரை வாங்கினா இன்சூரன்ஸ் காசு தருமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயசு, போன மாசம் இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சாங்க. ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி, ஆஸ்பத்திரி பில் கேஷ்லெஸ்ல முடிஞ்சது. இப்போ மாசம் 3,100 ரூபாய்க்கு மாத்திரை வாங்குறோம். ஜெனரிக், அதாவது பிராண்டு பேர் இல்லாம மருந்தோட பேர்லயே விக்கிற மாத்திரை, வாங்கினா பாதிகூட ஆகாதுங்கிறாங்க, ஆனா ஜெனரிக் பில்லை கிளெய்ம்ல தள்ளிடுவாங்கன்னு ஏஜென்ட் சொல்றார். என்ன செய்ய? (ஈரோடு வாசகி)

உங்க ஏஜென்ட் சொன்னது தப்புங்க. பிராண்டு மாத்திரைக்குத்தான் காசுன்னு உங்க பாலிசியில ஒரு வரிகூட கிடையாது. கிளெய்ம் பார்க்கிறவங்க டாக்டர் சீட்டையும் பில்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எழுதினதும் வாங்கினதும் ஒத்துப்போகுதா, தேதி உள்ள வருதான்னுதான் பார்ப்பாங்க. அந்தத் தேதிதான் முக்கியம், உங்க பாலிசியில டிஸ்சார்ஜ் ஆனதுல இருந்து 60 நாள், அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடி 30 நாள். முன்னாடி வாங்கின மாத்திரை, எடுத்த எக்கோ, ரத்த டெஸ்ட் பில்லை எல்லாம் நிறைய பேர் மறந்தே போயிடுறாங்க, அதையும் தேடி எடுங்க.

இப்போ கணக்கைப் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு 6,200, அதுல 5 சதவீதம் கோ-பே, அதாவது 310 ரூபாய் உங்க கைக்காசு, மீதி 5,890 வரணும். 61-வது நாள்ல இருந்து ஒரு பைசா வராது, ஆனா மாத்திரை நிக்கப்போறதில்ல, அதுல சிலது ஆயுசு முழுக்க. அதனால ஜெனரிக் பத்தின கேள்வி உண்மையில மூணாவது மாசத்துக்கான கேள்வி, அதுக்குள்ள வர்ற ரிவ்யூலயே டாக்டர்கிட்ட கேட்டு மருந்தோட பேரைத் தெளிவா எழுதி வாங்கிடுங்க.

நீங்களா மட்டும் மாத்தாதீங்க, இதைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். ஸ்டென்ட் வச்சவங்களுக்கு ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மாத்திரை நடுவுல நின்னா ஸ்டென்ட்டுக்குள்ளயே அடைச்சுக்கலாம். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டார்வாஸ்டாட்டின் மூணும் சேர்ந்த ஒரே கேப்ஸ்யூலா எழுதியிருக்கலாம், ஜெனரிக் கடையில அது தனித்தனியா இருக்கலாம், ஒண்ணு ஸ்டாக் இல்லேன்னு விட்டுட்டு வந்துடக்கூடாது, மில்லிகிராமும் மாறக்கூடாது. மத்தபடி பயப்பட ஒண்ணுமில்ல. இப்போ வாங்குற பட்டையைத் திருப்பிப் பாருங்க, கம்பெனி வச்ச பேரோட மருந்தோட பேரும் இருக்கும், அதே பேர், அதே அளவு மத்திய அரசோட ஜெனரிக் கடையான மக்கள் மருந்தகத்துலயோ, 2025 பிப்ரவரியில தமிழ்நாடு முழுக்க 1,000 இடத்துல திறந்த முதல்வர் மருந்தகத்துலயோ கிடைக்குதான்னு விசாரிங்க.

பில்லு விஷயத்துல ஏமாந்துடாதீங்க. வெள்ளைத் துண்டுச்சீட்டுல "மாத்திரை 1,550"ன்னு பேனாவால எழுதிக் கொடுத்ததை ஒருத்தர் கொண்டுவந்து நீட்டினார், பாவமா இருந்துச்சு, ஒண்ணும் பண்ண முடியல. நோயாளி பேர், டாக்டர் பேர், மருந்து பேர், பேட்ச் நம்பர், கடையோட லைசென்ஸ் நம்பர் எல்லாம் இருக்கணும். அப்பாவுக்கு தைராய்டு மாத்திரை, மூட்டு வலி தைலம்னு வேற ஏதாவது வாங்கினா அதைத் தனி பில்லா போடச் சொல்லுங்க, அட்மிட் ஆன நோய்க்கு சம்பந்தமில்லாததை வெட்டுவாங்க, ஒரே பில்லுல கலந்து இருந்தா விளக்கம் கேட்டே நாளைக் கடத்துவாங்க.

டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வாங்கின பில்லை எல்லாம் 60 நாள் முடிஞ்சு 15 நாளைக்குள்ள சேர்த்துக் கொடுத்துடணும், அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடி வாங்கின பில்லுக்கு டிஸ்சார்ஜ்ல இருந்து 30 நாள்தான். கூடவே டிஸ்சார்ஜ் சம்மரி காப்பி, கேன்சல் செய்த செக் வைங்க, ஒரிஜினல் கை மாறுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பில்லையும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க, கொடுத்ததுக்கு அத்தாட்சி வாங்காம கவுன்டரை விட்டு நகராதீங்க.