பியெர்னிச்கி ஏன் கல்லாகிறது?

கேள்வி: போலந்தின் கிராக்கோவ் நகரில் இருக்கிறோம், கணவர் அந்த ஊர்க்காரர். போன டிசம்பர் 23ஆம் தேதி பிள்ளைகளோடு (9 வயது, 4 வயது) சேர்ந்து பியெர்னிச்கி (தேனும் மசாலாவும் சேர்த்த கிறிஸ்துமஸ் பிஸ்கட்) சுட்டேன். மறுநாள் விகிலியா என்னும் கிறிஸ்துமஸ் முந்தைய நாள் விருந்தில் யாராலும் கடிக்க முடியவில்லை. என் மாமியார் செய்தால் மட்டும் மெத்தென்று இருக்கிறது. மாவில் என்ன தப்பு? சின்னவளுக்கு என்ன வேலை கொடுப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போனது தேதி மேல்தான். 23 அன்று சுட்ட பியெர்னிச்கியை 24 அன்று கடிக்க உங்கள் மாமியாராலும் முடியாது. தேனும் மசாலாவும் சேர்ந்த இந்த பிஸ்கட், அடுப்பில் ஈரத்தை இழந்து ஆறியதும் விறைத்துவிடும். அதற்குப் பிறகுதான் தேன் தன் வேலையைக் காட்டும். காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். மெத்தென்று ஆக இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். டிசம்பர் 6, புனித நிக்கோலஸ் திருநாளான மிகோவாய்கியையொட்டிச் சுட்டுவிடுங்கள். அன்று பிள்ளைகளுக்கு எப்படியும் பரிசு, கொண்டாட்டம் எல்லாம் இருக்கும்.

மாவை மட்டும் நவம்பர் தொடக்கத்திலேயே பிசைந்து, நாலு முதல் ஆறு வாரம் குளிரில் ஊறவைத்துச் சுடும் பழைய முறையும் உண்டு. மணம் அபாரம். ஆனால் நாலு வயதுக் குழந்தையிடம் ஒரு மாதம் பொறு என்று சொல்ல முடியுமா? ஒரே ஒரு இரவு ஊறும் மாவே உங்களுக்குச் சரி.

மைதா 500 கிராம், தேன் 200, வெண்ணெய் 125, சர்க்கரை 150, முட்டை 1, சமையல் சோடா ஒன்றரை தேக்கரண்டி. மசாலாவுக்குப் பட்டைத்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, சுக்குப்பொடி 1 மேசைக்கரண்டி, கிராம்பும் ஏலக்காயும் தலா 1 தேக்கரண்டி, ஜாதிக்காய் அரை தேக்கரண்டி, மிளகு கால் தேக்கரண்டி. கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் மசாலாவில் சில சமயம் மாவும் சர்க்கரையும் கலந்திருக்கும், பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். மிளகை விட்டுவிடாதீர்கள். போலந்தின் தோருன் நகரத்தில் 1380லேயே பியெர்னிக் என்னும் இதே மசாலாப் பண்டம் சுடுபவர் ஒருவரின் பெயர் ஆவணத்தில் இருக்கிறது. விஸ்துலா ஆற்றுத் துறைக்கு வந்த வியாபாரத்தில் நம் பக்கத்து மிளகும் ஏலமும் இருந்தது, அந்த ஊர் இந்தப் பண்டத்துக்குப் பேர் போனதற்கு ஒரு காரணம்.

தேன், வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் சின்னத் தீயில் கரையும்வரை மட்டும் சூடாக்குங்கள், கொதிக்க வேண்டாம். சூடான தேன் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், இந்த வேலை பெரியவர்களுக்கு மட்டும். விரல் வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகு முட்டையையும், சோடாவும் மசாலாவும் கலந்த மைதாவையும் சேர்த்துப் பிசையுங்கள்.

இப்போது மாவு கையெல்லாம் ஒட்டும். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். ஒட்டுகிறதே என்று மேலும் மைதாவைக் கொட்டினால் எத்தனை வாரம் டப்பாவில் வைத்தாலும் அது இளகாது. அப்படியே மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் வெண்ணெய் இறுகி, மாவு தானாகவே சொன்னபடி கேட்கும்.

பெரியவனிடம் தராசையும் உருளைக்கட்டையையும் கொடுங்கள். அரை சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும், அதற்கு மெல்லியதாகப் போனால் முறுகிவிடும். சின்னவளுக்கு அச்சு வெட்டும் வேலை. பச்சை மாவை வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், முட்டை இருக்கிறது, வேகாத மைதாவும் ஆகாது.

180 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். விளிம்பு லேசாகக் கறுக்கத் தொடங்கும்போது நடுவில் அழுத்தினால் விரல் பதியும். வேகவில்லையோ என்று தோன்றும், ஆனாலும் எடுத்துவிடுங்கள். போன வருடம் இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தீர்கள் என்றால் அதுவும் ஒரு காரணம்.

முழுக்க ஆறியதும் தகர டப்பாவில் அடுக்கி, ஆப்பிள் துண்டு ஒன்றைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து மூடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் துண்டை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஐசிங்கை இப்போதே போடாதீர்கள், டப்பாவின் ஈரத்தில் அது கசிந்து ஒட்டும். பிஸ்கட் இளகிய பிறகு, 21, 22 தேதிவாக்கில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்காருங்கள். பச்சை முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதில் பொடித்த சர்க்கரையில் எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தால் குழந்தைகளுக்குக் கவலையில்லை.

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட வேண்டியவற்றை மட்டும் தனியாகப் பிரியுங்கள். சுடுவதற்கு முன்பே ஸ்ட்ராவால் மேலே ஓட்டை போட்டுவிடலாம், சின்னவள் அதைச் சந்தோஷமாகச் செய்வாள். அவை டப்பாவுக்குள் போகவேண்டாம். இளகினால் நூல் அறுத்துக்கொண்டு கீழே விழும். மரத்துக்கு அந்தக் கல்தான் வேண்டும்.