ஜெபம் வராத இரவில்

தங்கச்சி, கடன்காரர் லயத்து வீட்டு வாசலில் கத்திவிட்டுப் போனதிலிருந்து ஜெபிக்க வாய் வரவில்லை, செத்தால் தேவலை, சபையில் சொன்னால் விசுவாசமில்லை என்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஐப் பாருங்கள். தீர்க்கதரிசி எலியாவும் சூரைச்செடியின் கீழே சாவைத்தான் கேட்டார். தூதன் கண்டிக்கவில்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தின்றுவிட்டுத் தூங்கினார். எழுப்பி மறுபடியும் சாப்பாடுதான். சங்கீதம் 88 இருட்டிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான்.

எனக்கும் ஹட்டனில் ஒரு மழைக்காலம் அப்படிப் போனது. பக்கத்துக் காம்பரா அக்கா ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து, நான் தின்னும்வரை வாசற்படியை விட்டு நகரவில்லை. வசனமெல்லாம் சொல்லவில்லை (நல்லவேளை).

இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். உங்களைக் காயப்படுத்தக்கூடியது எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், வீட்டில் ஒருவரிடம் சொல்லி அகற்றச் சொல்லுங்கள். இப்போதே 1926க்கு எடுங்கள்: இலங்கையின் தேசிய மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நிலைமை கைமீறினால் 1990 அம்புலன்ஸ். கடன் விஷயத்தை அப்புறம் சேர்ந்து பார்ப்போம்.

பேசிவிட்டு இங்கே ஒரு வரி போடுங்கள். விழித்திருக்கிறேன்.