ரீஸ்டார்ட் செய்ததும் ஓவர்கிளாக் ஏன் அழிகிறது?

(பிராசஸரை அறிவித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது ஓவர்கிளாக், அதன் வோல்டேஜைக் குறைப்பது அண்டர்வோல்ட். இரண்டு செட்டிங்கும் ஒரே மாதிரிதான் அழிகின்றன.)

கேள்வி: ஐ7-9750ஹெச் பிராசஸர் உள்ள லேப்டாப். சூடு குறைவதற்காக த்ராட்டில்ஸ்டாப்பில் (பிராசஸரின் வோல்டேஜையும் வேகத்தையும் மாற்றும் புரோகிராம்) மைனஸ் 80 மில்லிவோல்ட் வைத்தேன், நன்றாக ஓடுகிறது. ஆனால் மெஷினைப் போடும் ஒவ்வொரு முறையும் நானே அதைத் திறந்து வோல்டேஜை மறுபடி வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஷார்ட்கட் போட்டுப் பார்த்தேன், எதுவும் திறக்கவே இல்லை.

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனி பிரச்சினைகள். ஒன்று, வோல்டேஜ் சேவ் ஆகவில்லை. இன்னொன்று, சேவ் ஆனாலும் அதை எடுத்துப் போட ஆள் வருவதில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் சரிசெய்தால் பலன் கிடைக்காது.

முதலில் சேவ். நீங்கள் வைக்கும் ஆஃப்செட் (வழக்கமான வோல்டேஜிலிருந்து கூட்டும் அல்லது குறைக்கும் அளவு), பிராசஸருக்குள் இருக்கும் ஒரு ரெஜிஸ்டரில், அதாவது சிறு நினைவிடத்தில், எழுதப்படுகிறது. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். அடுத்த முறை எழுத வேண்டிய எண், த்ராட்டில்ஸ்டாப் இருக்கும் ஃபோல்டரில் உள்ள ஐஎன்ஐ ஃபைலில் பதிந்திருக்க வேண்டும். ஆனால் வோல்டேஜ் மாற்றும் எஃப்ஐவிஆர் விண்டோவின் கீழே முன்கூட்டியே தேர்வாகி இருப்பது 'டூ நாட் சேவ் வோல்டேஜஸ்'. தப்பான எண்ணைச் சேவ் செய்துவிட்டு, திறக்கும்போதெல்லாம் ஹேங் ஆகும் நிலை வரக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சிபியு கோரில் ஒரு முறை, சிபியு கேஷில் ஒரு முறை என 'அன்லாக் அட்ஜஸ்டபிள் வோல்டேஜ்' டிக் போட்டு, இரண்டிலும் ஒரே ஆஃப்செட் வையுங்கள். உங்கள் தலைமுறை பிராசஸரில் இரண்டும் ஒரே மின்பாதையில் இருப்பதால், கோரில் 80, கேஷில் 40 என்று வைத்தால் 40-தான் நடக்கும். பிறகு 'சேவ் வோல்டேஜஸ் இம்மீடியட்லி'யைத் தேர்ந்தெடுத்து அப்ளை, ஓகே.

பிராசஸர் ஏற்றுக்கொண்டதா என்று பார்க்க ஸ்லைடரைப் பார்க்காதீர்கள். அதே விண்டோவின் வலது மேல் மூலையில் உள்ள அட்டவணையில் ஆஃப்செட் என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே -80.1 என்று இருக்கும். ஒரு வோல்ட்டை 1,024 பங்காக்கித்தான் பிராசஸர் எண்ணுகிறது. 80-க்கு மிக அருகில் வரும் படி 80.1. இந்த ஒட்டுத் தசமம் தெரிந்தால் பிராசஸர் ஏற்றுக்கொண்டது என்று பொருள். பூஜ்யமாகவே நின்றால், ஸ்லைடர் எங்கே இருந்தாலும் எதுவும் நடக்கவில்லை.

அடுத்தது தானாகத் திறப்பது. த்ராட்டில்ஸ்டாப் அட்மின் உரிமையோடுதான் ஓடும். அட்மின் உரிமை கேட்கும் புரோகிராம் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இருந்தால், விண்டோஸ் உங்களிடம் கேட்காமலே அதைத் தாண்டிப் போய்விடும். அதற்கு வழி டாஸ்க் ஷெட்யூலர்.

தொடங்குமுன் ஒன்று: ஜிப்புக்குள்ளிருந்தே புரோகிராமை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படி ஓட்டினால் ஐஎன்ஐ ஃபைல் ஒரு டெம்ப் ஃபோல்டருக்குப் போய்த் தொலைந்துவிடும். சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு, எல்லா ஃபைலையும் அங்கே பிரித்து வையுங்கள். ஆப்ஷன்ஸில் 'ஸ்டார்ட் மினிமைஸ்ட்', 'மினிமைஸ் ஆன் க்ளோஸ்' இரண்டுக்கும் டிக்.

டாஸ்க் ஷெட்யூலரில் 'கிரியேட் டாஸ்க்' எடுங்கள். அதற்கு மேலே இருக்கும் 'கிரியேட் பேசிக் டாஸ்க்' வேண்டாம், அதன் படிகளில் அட்மின் உரிமை கேட்கும் இடமே வராது. ஜெனரல் பக்கத்தில் 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் போடுங்கள். 'ரன் ஒன்லி வென் யூசர் இஸ் லாக்ட் ஆன்' என்பது அப்படியே இருக்கட்டும். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் புரோகிராம் கண்ணுக்குத் தெரியாத செஷனில் ஓடும், ட்ரேயில் ஐகான் வராது. ட்ரிகர்ஸ் பக்கத்தில் 'அட் லாக் ஆன்'. 'டிலே டாஸ்க் ஃபார்' என்பதில் 1 நிமிடம் வையுங்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஆக்‌ஷன்ஸில் ப்ரவுஸ் செய்து த்ராட்டில்ஸ்டாப்பைக் காட்டுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதிகம் வழுக்குவது கண்டிஷன்ஸ் பக்கத்தில்தான். ஏசி பவர் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற டிக், எடுக்காவிட்டால் அப்படியே இருக்கும். சார்ஜர் செருகியிருந்த நாளில் வேலை செய்தது, செருகாத நாளில் செய்யவில்லை என்று குழம்புவதெல்லாம் இதனால்தான். அதன் அடியிலேயே, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்று இன்னொரு டிக் உண்டு. மேலே உள்ளதை முதலில் எடுத்தால் கீழே உள்ளது சாம்பல் நிறமாகி, எடுக்க முடியாமல் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே கீழ் டிக்கை முதலில் எடுங்கள், மேல் டிக்கை பிறகு. செட்டிங்ஸ் பக்கத்தில் 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஸ்லீப் போட்டே பழகியவர்களுக்கு நாலாவது நாள் திடீரென்று சூடு ஏறுவது இதனால்தான்.

ஒரு முறை லாக் ஆஃப் செய்து உள்ளே வந்து, டாஸ்க்கின் 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' பாருங்கள். 41301 என்று முடிந்தால் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுதான் வேண்டும். 41303 என்றால் டாஸ்க் இன்னும் ஒரு முறைகூட ஓடவில்லை. வெறும் 2 என்று முடிந்தால் நீங்கள் காட்டிய இடத்தில் ஃபைல் இல்லை. ஃபோல்டரை எங்கோ நகர்த்தியிருப்பீர்கள்.

அந்த 1 நிமிடம் எதற்கு? 80 தாங்கிய மெஷின், வெயில் காலத்திலோ ஒரு பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகோ தாங்காமல் போகலாம். அப்போது லாகின் ஆனதும் ஹேங் ஆகும். போட்டால் மறுபடி ஹேங். நிமிட இடைவெளி இருந்தால் டாஸ்க்கை டிஸேபிள் செய்ய அவகாசம் கிடைக்கும். அதுவும் முடியாவிட்டால், லாகின் திரையில் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போய் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். டாஸ்க் போய்த் தேடும், கிடைக்காது, விட்டுவிடும்.

கேள்வி: ரீஸ்டார்ட் கொடுத்தால் செட்டிங் வருகிறது. இரவு ஷட் டவுன் செய்து காலையில் போட்டால் வருவதில்லை. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: விண்டோஸுக்கு ஒன்றில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் என்பது பாதி ஹைபர்னேட். யூசர் செஷன் மூடப்படும், கெர்னலும் (விண்டோஸின் உட்கரு) சர்வீஸ்களும் அப்படியே டிஸ்க்கில் உறைய வைக்கப்படும். பிராசஸருக்கோ கரண்ட் முழுதாகப் போய்விடுகிறது, ரெஜிஸ்டர் காலி. காலையில் எழும் சர்வீஸ், தான் ஏற்கெனவே வேலையை முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. டாஸ்க்கில் 'அட் ஸ்டார்ட்அப்' ட்ரிகர் வைத்தவர்களுக்கும் இதே கதிதான். ரீஸ்டார்ட் மட்டுமே முழு பூட்.

ட்ரிகரை 'அட் லாக் ஆன்' என்று மாற்றினாலே பாதிப் பேருக்குச் சரியாகும். மாற்ற வழியில்லாத மென்பொருள் என்றால், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' போய், சாம்பல் நிறத்தில் இருப்பதை மாற்ற மேலே உள்ள நீல வரியைத் தட்டி, 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுங்கள். எஸ்எஸ்டி இருந்தால் போடும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கேள்வி: ரைசன் 5 5600எக்ஸ். ஏஎம்டியின் ஓவர்கிளாக் மென்பொருளான ரைசன் மாஸ்டரில் எல்லா கோரும் 4.6 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்து ப்ரொஃபைல் 1-ல் சேவ் செய்திருக்கிறேன். ரீஸ்டார்ட் செய்தால் ப்ரொஃபைல் இருக்கிறது, வேகம் இல்லை. டாஸ்க் ஷெட்யூலரில் சேர்த்தும் பார்த்தேன்.

பதில்: டாஸ்க் ஷெட்யூலர் ரைசன் மாஸ்டரைத் திறந்து வைக்கும், 'அப்ளை' அழுத்தாது. ப்ரொஃபைல் என்பது டிஸ்க்கில் எழுதி வைத்த குறிப்பு மட்டுமே. சோதித்துப் பார்க்கும் கருவியாகத்தான் ரைசன் மாஸ்டரைப் பயன்படுத்த வேண்டும். கோர் வேகமும் வோல்டேஜும் ரீஸ்டார்ட்டில் போவது உங்களைக் காப்பாற்றத்தான்.

கிடைத்த எண்ணைப் பயாஸில் போடுங்கள். இன்னும் ஒரு படி மேலே போய், அந்த 4.6-ஐயே விட்டுவிடுங்கள் என்பேன். 5600எக்ஸின் அறிவிக்கப்பட்ட பூஸ்ட்டே 4.6 கிகாஹெர்ட்ஸ். அதை எல்லா கோருக்கும் பூட்டிவிட்டால், ஒற்றைக் கோர் வேலையில் லாபம் கிட்டத்தட்ட இல்லை, சும்மா இருக்கும்போதும் வோல்டேஜ் இறங்காது. பயாஸில் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங், பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், அட்வான்ஸ்ட் என்று உள்ளே போனால், கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் இருக்கும் (போர்டுக்குப் போர்டு மெனுவின் இடம் மாறும்). ஆல் கோர்ஸ், நெகட்டிவ், 10. இரண்டு நாள் பிரச்சினை இல்லையென்றால் 15. ஒரு எண்ணுக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். அதன் பிறகு பூஸ்ட் ஓவர்ரைடில் 200 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்டிப் பார்க்கலாம்.

கர்வ் ஆப்டிமைசரின் குறை, மெஷின் கனமான லோடில் விழாமல் (கிராஷ் ஆகாமல்) நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது விழுவது. லோடு குறைவாக இருக்கையில்தான் ஒரு கோர் உச்ச வேகத்துக்குப் போகிறது. ஈவென்ட் வியூவரில் 'வியா-லாகர்' 18 அல்லது 19 (ஹார்ட்வேர் பிழைப் பதிவு) தெரிந்தால் எண்ணைக் குறையுங்கள்.

பயாஸில் போட்டதும் காணாமல் போகிறது என்றால், கடிகார நேரமும் தப்பாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மதர்போர்டின் சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. பயாஸ் அப்டேட் செய்தாலும் எல்லாம் பழைய நிலைக்குப் போகும். பழைய பயாஸில் சேவ் செய்த ப்ரொஃபைலைப் புதியது பெரும்பாலும் ஏற்காது, ஆகவே அந்தப் பக்கங்களை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐ5-14600கே, இன்டெலின் ஓவர்கிளாக் மென்பொருளான எக்ஸ்டியு. கரண்ட் கட் ஆன பிறகெல்லாம் செட்டிங் போய்விடுகிறது. சில நாளாக வோல்டேஜ் ஸ்லைடரே மங்கிக் கிடக்கிறது.

பதில்: சரியாக மூடப்படாமல் மெஷின் நின்றால், ஓவர்கிளாக் தாங்காமல்தான் விழுந்தது என்று எக்ஸ்டியு எடுத்துக்கொள்ளும், பழைய செட்டிங்கைப் போடாமல் டிஃபால்ட்டுக்குத் திரும்பும். கரண்ட் கட்டுக்கும் கிராஷுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. நிரந்தரமாக வேண்டியதைப் பயாஸில் வையுங்கள், அல்லது யுபிஎஸ் வாங்குங்கள்.

ஸ்லைடர் மங்குவது வேறு கதை. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசோலேஷன் போய் 'மெமரி இன்டெக்ரிட்டி' ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது ஆன் ஆகியிருந்தால் விண்டோஸே ஒரு ஹைப்பர்வைசரின் (விண்டோஸுக்கும் அடியில் நின்று காவல் காக்கும் மென்பொருள்) மேல் ஓடும். வோல்டேஜ் ரெஜிஸ்டரைத் தொட புரோகிராம்களை விடாது. பயாஸில் 'அண்டர்வோல்ட் புரொடெக்‌ஷன்' என்ற பூட்டும் இருக்கலாம். 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதல், வோல்டேஜைக் குறைத்தே பிராசஸரின் பாதுகாப்புப் பெட்டகத்தை உடைக்கலாம் என்று காட்டியது. பூட்டுகள் வரிசையாக வந்தது அதன் பிறகுதான். பேங்க் வேலை பார்க்கும் மெஷினில் 5 டிகிரி சூட்டுக்காக மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கச் சொல்ல மாட்டேன். பயாஸிலேயே ஆஃப்செட் வைக்க இசட் சீரிஸ் போர்டு பெரும்பாலும் இடம் தரும்.

இதைவிட அவசரமான ஒன்று: 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், வோல்டேஜ் அதிகமாகக் கேட்டு நாளடைவில் சிதையும் கோளாறு இருந்ததை இன்டெல் 2024-ல் ஒப்புக்கொண்டது. அதற்கான மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் நிரல்) திருத்தம் பயாஸ் அப்டேட் வழியாக வருகிறது. முதலில் அதைப் போடுங்கள், பிறகு மற்ற செட்டிங். அந்த மாடல்களின் வாரண்டியை 2 வருடம் நீட்டியிருக்கிறார்கள், உங்களுடையதும் அதில் உண்டு.

கேள்வி: பழைய கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறேன். அண்டர்வோல்ட் செய்ய முடியுமா என்று பணம் கொடுக்குமுன் எப்படித் தெரிந்துகொள்வது? டெஸ்க்டாப் என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பென் டிரைவில் த்ராட்டில்ஸ்டாப்பைக் கொண்டுபோய் எஃப்ஐவிஆர் விண்டோவைத் திறங்கள். 'லாக்ட்' என்று இருந்தால் அந்த பயாஸில் நடக்காது. 8, 9-ஆம் தலைமுறையில் பூட்டு இல்லாமல் வெளியான லேப்டாப்கள்கூட, பிறகு வந்த பயாஸ் அப்டேட்டில் பூட்டப்பட்டிருக்கலாம். அதனால் மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், அந்த ஒரு மெஷினைத் திறந்து பாருங்கள். மைனஸ் 50 வைத்து அட்டவணையில் -49.8 வருகிறதா என்று பார்த்தால் சந்தேகமே இல்லை.

டெஸ்க்டாப்பில் இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் கே, போர்டு இசட் சீரிஸ். பி சீரிஸ் போர்டில் மல்டிப்ளையரை (வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்) ஏற்ற முடியாது. ஏஎம்டியில் பி550, பி650 போதும். ஏ520, ஏ620 வாங்கிவிட்டு ஓவர்கிளாக் தேட வேண்டாம். 5800எக்ஸ்3டியின் மல்டிப்ளையர் பூட்டப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஓவர்கிளாக் செய்தால் வாரண்டி போகுமா?

பதில்: இரண்டு நிறுவனங்களின் விதியும் போகும் என்றுதான் சொல்கிறது. ரைசன் மாஸ்டர் ஏஎம்டியே தரும் மென்பொருள், ஆனாலும் விதியில் மாற்றம் இல்லை. கூடுதல் பணம் கட்டி ஓவர்கிளாக்குக்கும் பாதுகாப்பு வாங்கும் திட்டம் ஒன்று இன்டெலிடம் இருந்தது, 2021-ல் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய பதிவுகளைப் பார்த்து அதைக் கேட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.