17 வயசுப் பெண், 20 வயசுப் பையன்: புகார் கொடுக்கலாமா?

கேள்வி: என் அக்கா மகளுக்கு 17 வயது. பக்கத்துத் தெருப் பையனோடு போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். அவனுக்கு 20. போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) உள்ளே தள்ளியே தீருவேன் என்று மாமா நிற்கிறார். பேசாமல் தாலி கட்டி வைத்துவிடலாம் என்கிறாள் அக்கா. எது சரி?
- பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: தாலி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், வேண்டவே வேண்டாம். பெண்ணுக்கு 18 ஆகவில்லை, பையனுக்கு 21 ஆகவில்லை, இந்த நிலையில் கல்யாணம் நடத்தி வைத்தால் முன்னால் நின்ற பெரியவர்கள் மேலும் வழக்கு வரும். கல்யாணம் ஆகிவிட்டால் கேஸ் நிற்காது என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். மனைவியே ஆனாலும் 18க்குக் கீழ் என்றால் குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017லேயே சொல்லியாயிற்று.

இனி மாமாவின் கோபம். "அவளும் விரும்பித்தானே போனாள்" என்ற பேச்சுக்குப் போக்சோவில் இடமே கிடையாது, 18 ஆகாத எல்லாரும் அந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான், குழந்தையின் சம்மதம் கணக்கில் வராது. உடலுறவு நடந்தது என்று ஆகிவிட்டால், 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. பெண் கர்ப்பமாகிவிட்டால் அதுவே 20. பாவம் சின்னப் பையன் என்று நீதிபதி மனசு இறங்கினாலும் அதற்குக் கீழே போக முடியாது. உங்கள் பெண்ணுக்கும் சும்மா முடியாது: மருத்துவப் பரிசோதனை, மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம், வீட்டுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டால் குழந்தைகள் நலக் குழு வழியாகக் காப்பகம்.

அதற்காக மூடி மறையுங்கள் என்று நான் எழுத முடியாது. இப்படி ஒன்று நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும் என்கிறது சட்டத்தின் 19ஆம் பிரிவு. அதனால் முதலில் அவளை நம்பிக்கையான ஒரு பெண் தனியாக உட்கார வைத்துக் கேட்கட்டும், அடிக்காமல். மிரட்டினானா, படம் எடுத்து வைத்திருக்கிறானா? ஆமாம் என்றால் அன்றைக்கே அனைத்து மகளிர் காவல் நிலையம். இல்லை என்றால் ஒரு வக்கீலைக் கையோடு வைத்துக்கொண்டு, நடந்தது நடந்தபடி மட்டும் சொல்லுங்கள். "கத்தியைக் காட்டிக் கடத்தினான்" என்று மாமா ஒரு வரி சேர்த்தால், பொய்ப் புகாருக்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு.

இது போன்ற காதல் வழக்கு ஒன்றை 2021ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார், இந்தச் சட்டம் வந்ததே இதற்காக அல்ல என்று சொல்லி. 2023ல் சட்ட ஆணையமோ, 18ஐக் குறைக்க வேண்டாம், 16 முதல் 18 வரை உள்ளவர்கள் வழக்கில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இடம் கொடுக்கலாம் என்றது. என்னைக் கேட்டால் 18 இருக்கட்டும், ஆனால் 17க்கும் 20க்கும் ஒரு கணக்கு, 17க்கும் 45க்கும் ஒரு கணக்கு என்று சட்டம் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

கேள்வி: அமெரிக்காவில் உடலுறவுக்குச் சம்மதம் சொல்ல 16 வயது போதுமாமே, என் பேரன் சொல்கிறான்?
- ஓய்வுபெற்ற தாசில்தார், தஞ்சாவூர்

பதில்: பேரன் எந்த மாநிலத்தில் இருக்கிறான் என்று கேளுங்கள் ஐயா. கலிபோர்னியாவில் 18, நியூயார்க்கில் 17, ஜார்ஜியாவில்தான் 16. அந்த ஜார்ஜியாவில் 17 வயதுப் பையன் ஒருவனுக்கு 15 வயதுப் பெண்ணோடு இருந்ததற்காக 10 ஆண்டு சிறை. ஊரே கொதித்து, வயது வித்தியாசம் குறைவாக இருந்தால் லேசான குற்றம்தான் என்று 2006ல் மாநில சட்டமன்றம் சட்டத்தையே மாற்றியது, ஆனால் பழைய வழக்குக்கு அது செல்லாது என்று அவனை உள்ளேயே வைத்திருந்தார்கள். 2007ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் வெளியே வந்தான். நம் கதை வேறு. 1891ல் இந்தச் சம்மத வயதை 10லிருந்து 12 ஆக்கியதற்கே மதத்தில் கை வைக்கிறான் வெள்ளைக்காரன் என்று பெரிய கூச்சல். 1940ல் 16 ஆகி அங்கேயே நின்றது, 2012ல்தான் 18.

கேள்வி: ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வீட்டில் சித்தப்பா தப்பாக நடக்கிறார் என்று என்னிடம் அழுதாள். நிர்வாகம் விசாரிக்கும்வரை வாய் திறக்காதீர்கள் என்கிறார் தலைமை ஆசிரியர்.
- ஆசிரியை, மதுரை மாவட்டம்

பதில்: டீச்சர், நிர்வாகம் விசாரிக்க இதில் ஒன்றுமே இல்லை. இன்றைக்கே 1098க்கு அடியுங்கள், அல்லது காவல் நிலையத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் இருந்தால் உங்களுக்கும் ஆறு மாதம் வரை சிறை, அமுக்கினால் தலைமை ஆசிரியருக்கும் சிறை, இதை அவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். நல்லெண்ணத்தில் சொன்னதற்காக உங்கள் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. அவளைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதித் தேதி போட்டு வையுங்கள். போலீஸ் யூனிஃபார்மில் வரக்கூடாது, அவளுக்குப் பிடித்த இடத்தில் வைத்துத்தான் பேச வேண்டும், ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. போனை எடுத்ததும் முதல் வரியிலேயே சொல்லுங்கள்: அந்த ஆள் அதே வீட்டில்தான் இருக்கிறான், நாலரை மணிக்குப் பள்ளி விட்டால் இவள் அங்கேதான் போக வேண்டும்.