பெயர் கேள்வி–பதில்: இம்முறை ஹேமிஷ்

கே: ஹேமிஷ் என்ற ஸ்காட்டிஷ் பெயருக்குப் பொருள் என்ன? ஒரே வார்த்தையில் சொல்லவும்.

ப: ஜேம்ஸ். அதன் மூலம் யாக்கோபு. எபிரேயத்தில் குதிகாலைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தது. ஆதியாகமம் 25:26 பார்க்கவும்.

கே: ஜேம்ஸ் எங்கே, ஹேமிஷ் எங்கே? ஒலியே ஒத்துவரவில்லையே!

ப: ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான ஸ்காட்டிஷ் கேலிக்கில் ஜேம்ஸ் என்பது ஷேமஸ். ஆளைக் கூப்பிடும்போது நம் கண்ணன் ‘கண்ணா’ ஆகிறானே, அதுபோல அங்கேயும் பெயர் மாறும். ஆனால் இரண்டு முனையிலும் மாறும். முன்னால் ‘அ’ என்ற விளிச்சொல் வந்ததும் முதல் மெய் மெலிந்து ‘ஷே’ ‘ஹே’ ஆகிறது. ஆண் பெயர் என்பதால் கடைசி மெய்யும் குழைந்து ‘மஸ்’ ‘மிஷ்’ ஆகிறது. ஆக, ‘அ ஹேமிஷ்!’ கேலிக் தெரியாதவர்கள் காதில் விழுந்ததை, ‘அ’வை மட்டும் உதிர்த்துவிட்டு, பெயராகவே எழுதிக்கொண்டார்கள். ‘முருகா வந்தான்’ என்று எழுதுவதற்கு ஒப்பு இது. மாரி என்ற கேலிக் பெண் பெயர் ‘வாரி’ ஆனதும் இதே வழியில்தான். அங்கே எம்மும் எச்சும் சேர்ந்தால் ‘வ’ ஒலி. எழுத்தைப் பார்த்து ‘ம்ஹைரி’ என்று வாசிக்காதீர்கள். ஒரே பெயரின் எழுவாயையும் விளியையும் இரண்டு பெயராக்கி, ஆளுக்கொரு பொருள் கட்டிவிடும் பட்டியல்களை தயவுசெய்து நம்பாதீர்கள். பெயரின் பொருளைத் தேடுமுன் அதன் வேற்றுமையைப் பாருங்கள்.

கே: 1780 வாக்கில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலண்ட்ஸில் பிறந்த ஹேமிஷ் ஒருவரைத் தேடுகிறேன். ஸ்காட்லாந்தின் பழைய பதிவேடுகளைத் தேடும் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் ஒன்றும் வரவில்லை.

ப: வராது. பதிவேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. வீட்டில் ஷேமஸ், ஏட்டில் ஜேம்ஸ். ‘ஜேஏஎஸ்’ என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தையும் போட்டுப் பாருங்கள். குடும்பப் பெயர் ‘மேக்’ என்று தொடங்கினால் ‘எம்ஏசி’, ‘எம்சி’ இரண்டு விதமாகவும் தேடுங்கள். 1855-க்கு முன் அரசுப் பதிவு கிடையாது. திருச்சபை ஏடுகள்தான், அவற்றில் விடுபட்டவை ஏராளம். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர் என்பது பழைய வழக்கம். அது துப்புதான், சான்று அல்ல. ஊரையும் தகப்பன் பெயரையும் எழுதாமல் கடிதம் போட்டால் இதற்குமேல் உதவ முடியாது. ஹேமிஷ் என்றே பதிவுசெய்வது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது.

கே: மகனுக்கு வைக்கப்போகிறோம். ஹேமம் + ஈசன், பொன்னுக்கு அதிபதி, சரிதானே?

ப: தவறு. ஹேம, ஈச இரண்டும் புணர்ந்தால் ஹேமேச, அது ஹேமேஷ். ‘மி’ வர வழியே இல்லை. பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும் முன் எந்தப் பெயர் என்று முடிவு செய்யுங்கள்.

கே: பெண்பால் உண்டா?

ப: ஜேம்சீனா. மர்டினா, டொனால்டினா போல ஹைலண்ட்ஸ் வழக்கம்.

கே: ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனின் நடுப்பெயர் ஹேமிஷாமே?

ப: ஹோம்ஸ் கதைகளில் ‘எச்’ என்ற எழுத்து மட்டுமே உண்டு. ஜான் என்ற அவரை மனைவி ஓரிடத்தில் ஜேம்ஸ் என்று அழைப்பதை வைத்து துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் சொன்ன ஊகம் அது. ஹேமிஷ்தான் ஜேம்ஸ் என்று சேயர்ஸுக்குத் தெரிந்திருந்தது.

கே: இப்போது யார் வைக்கிறார்கள்?

ப: ஸ்காட்லாந்தில் வைக்கிறார்கள், குடியேறியவர்களோடு போய் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நன்றாகவே வேரூன்றியது. 1848-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் நியூசிலாந்தில் அமைத்த டுனெடின் நகரின் பெயரே எடின்பரோவின் கேலிக் பெயர்தான். வரிசை எண் வேண்டுமானால் ஸ்காட்லாந்து தேசியப் பதிவு அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் குழந்தைப் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனிப் பெயராக எண்ணுகிறார்கள். ஜேம்ஸ், ஷேமஸ், ஹேமிஷ் மூன்றையும் நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.